சனிக்கிழமைக் கைகள்

ஆறேழு வருஷத்துக்கு முந்திய ஒரு பங்குனி மாதத்தில் தொடங்கிய கதை இது. சுவிஸில் நாங்கள் இருக்கும் லா ஷோ-து-ஃபோனில் இருந்து காரில் கொஞ்சத் தூரம் போனால், மலையுச்சி தட்டையாக விரிந்து, ஊசியிலை மரங்களுக்கு நடுவே மாடும் குதிரையும் சேர்ந்து மேய்கிற புல்வெளிகள் வரும். அதன் ஓரத்தில் ஒரு ராஞ்ச் இருக்கிறது. அமெரிக்க மாட்டுக்காரர்கள் போடுகிற பெரிய சேணத்தைப் போட்டு, குதிரையில் இருந்தபடியே மாட்டை ஓட்டிச் சாய்க்கிற பண்ணை. சனி, ஞாயிறு என்றால் நான் அங்கேதான்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் குதிரைப் பண்ணையில் என்ன அலுவல் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கோயிலில் ஒருத்தி என்னைக் கண்ட இடத்திலெல்லாம் "குதிரை சுகமோ" என்று விசாரிப்பாள். என் மனுசனின் சுகத்தை அவள் ஒருநாளும் விசாரித்தது கிடையாது.

எனக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. முகப்பில் முள்ளைப் பொருத்துகிற மேசை. விரல் வியர்வை பட்டால் முகப்பு கெட்டுவிடும் என்பதால் விரல்நுனிகளுக்கு மெல்லிய ரப்பர் உறை போட்டிருப்போம். கிழமை முழுக்க என் விரல்கள் எதையும் நேராகத் தொடுவதில்லை. பக்கத்து மேசைக்காரி ஒருநாள் என்னைத் தன்னோடு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு கிழட்டுப் பெட்டைக்குதிரையின் கழுத்தில் வெறுங்கையை வைத்தேன். அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியதுதான் தாமதம், நான் விழுந்துவிட்டேன். அன்று தொடங்கிய பைத்தியம்.

பண்ணைக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். தகப்பனின் பால்மாட்டுப் பண்ணையை ராஞ்சாக மாற்றியவள். அதிகம் கதைக்க மாட்டாள். கதைத்தால் நேராக முகத்துக்குத்தான். நாங்கள் பிரெஞ்சில்தான் கதைப்போம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் பேச்சாகவே தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பங்குனியில் அவளிடம் மூன்று வயதுக் குதிரைகள் இரண்டு இருந்தன. முதல்முதலாகச் சேணமும் கடிவாளமும் போட்டுப் பழக்குகிற வயது. ஒன்றைத் தான் பழக்குவதாகவும் மற்றதற்கு நான் கூட நிற்க வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை. என்னைவிட நன்றாகச் சவாரி செய்கிறவர்கள் அங்கே வருவார்கள். "அவைக்குக் கால் நல்லம். உனக்குத்தான் கை நல்லம். அமைதியான கை" என்றாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகளை நானே பார்த்துக்கொண்டு வந்தேன். தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான்.

அந்தக் குதிரைக்கு ஒரு நீளப் பிரெஞ்சுப் பெயர் உண்டு. நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். செம்மண் நிறம், கறுத்த பிடரி, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு. யார் கிட்டப் போனாலும் சட்டைப்பையை மோந்து பார்க்கிற குணம். சேணத்தை முதுகில் வைத்தபோது திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்னத் தொடங்கிவிட்டான். இவனைப் பழக்குவது சின்ன வேலை என்று நினைத்தோம்.

அந்தப் பங்குனிக்கு முந்திய மாரிக் குளிரில்தான் அம்மா எங்களோடு இருக்க வந்திருந்தா. அப்பா தவறிப்போன பிறகு அம்மா கதைப்பதையே விட்டிருந்தா. கேட்டதற்கு ஓம், இல்லை. அதோடு சரி. ஒருநாள் தானாகவே, சும்மா இருக்க ஏலாது, கறித்தூள் இடித்துத் தெரிந்த ஆட்களுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னா. வீட்டில் மிளகாய் வறுத்தால் மாடிப்படி முழுக்க வெள்ளைக்காரர் இருமுவார்கள் என்பதால் வறுப்பதும் அரைப்பதும் ஒரு தெரிந்தவரின் தோட்டக் கொட்டிலில். காய்ந்த செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது மட்டும் வீட்டில், சனிக்கிழமை காலையில். குசினி நிலத்தில் பேப்பரை விரித்து அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கை ஓடத் தொடங்கினால் அம்மாவுக்கு வாயும் ஓடும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். அப்பா பெண் பார்க்க வந்தபோது சைக்கிளில் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வந்தது, கலியாணத்தன்று வேட்டி அவிழப் பார்த்தது, முதன்முதல் இந்த ஊர்ப் பனியைக் கண்டுவிட்டு அதை ஒரு போத்தலில் அடைத்து ஊருக்கு அனுப்பலாமோ என்று கேட்டது. இதெல்லாம் நான் கேள்விப்படாத அப்பா. காம்பு கிள்ளி முடிந்ததும் அம்மா பேப்பரை மடிப்பா, வாயும் மூடிவிடும். பிறகு அடுத்த சனிக்கிழமைதான். நான் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பண்ணைக்கு வெளிக்கிடுவேன். "குதிரையிலை ஏறி நீ என்னத்தைக் காணப்போறாய்" என்று அம்மா வாசல்வரை வந்து ஒருதரம் சொல்லுவா. அது எங்கள் வழியனுப்பு.

இனிக் கடிவாளத்துக்கு வருகிறேன். கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகிற இரும்புக் கம்பிதான் முக்கியம். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. வாயோரத்தில் கட்டைவிரலை விட்டு அந்த இடத்து ஈறை, முரசு என்போம், மெதுவாகத் தடவினால் வாயைத் திறக்கும். அந்தக் கணத்தில் பல்லில் இடிபடாமல் கம்பியை உள்ளே விட வேண்டும். முதல் நாட்களில் வாய் நோகாமல் இருந்துவிட்டால் ஆயுளுக்கும் பிரச்சினை இல்லை. நொந்துவிட்டால் ஆயுளுக்கும் பிரச்சினைதான்.

முதல்தரம் நான் வராத ஒரு கிழமை நாளில் பண்ணைக்காரியே போட்டாள். தகப்பன் காலத்துத் தடித்த கம்பி, நடுவில் இரண்டு மூட்டு வைத்தது. தம்பி கொஞ்ச நேரம் சப்பிவிட்டுப் பேசாமல் நின்றானாம். சனிக்கிழமை என் முறை. அந்தக் குளிரில் இரும்பை அப்படியே வாய்க்குள் வைத்தால் பாவம் என்று, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டி, ஊதி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டைவிரலை வாயோரத்தில் விட்டேன். திறந்தான். கம்பி உள்ளே போனதும் தலையை உதறினான், நாக்கை வெளியே போட்டான், வாயைத் தூணில் கொண்டுபோய்த் தேய்த்தான். புதுப் பழக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை வாயைத் திறக்கவே மறுத்தான். அதற்கடுத்த கிழமை, பண்ணைக்காரியின் கையில் கம்பியைக் கண்டாலே பின்வாங்கத் தொடங்கினான். கம்பிதான் பிழை என்று முடிவு செய்தோம். அவளுடைய கொட்டில் சுவரில் வகைவகையாகத் தொங்கும். ஒற்றை மூட்டு வைத்தது மேலண்ணத்தில் குத்துகிறதோ என்று அதைத் தவிர்த்தோம். மூட்டே இல்லாத வளைவுக் கம்பி, நாக்குக்கு இடம் விட்ட கம்பி, மெல்லியது, ரப்பர் சுற்றியது என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒவ்வொன்றையும் முதலில் அவள் தன் வாயில் வைத்துப் பார்ப்பாள். தன் வாய்க்கு ஆகாததைக் குதிரை வாயில் வைக்கக் கூடாது என்பது தகப்பனிடம் இருந்து வந்த பழக்கம். பிறகு என் கையில் தருவாள். நான் அதைச் சூடாக்குவேன். தம்பி உதறுவான். குதிரைப் பல் வைத்தியரும் வந்து விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாயில் ஒரு குறையும் இல்லை என்று போனார்.

ஒருநாள் கோப்பி குடிக்கும்போது பண்ணைக்காரி சொன்னாள். கோடை முடிவில் மூன்று வயதுக் குதிரைகளுக்குப் பரீட்சை இருக்கிறது. கடிவாளம் ஏற்காத குதிரையைக் கொண்டுபோக முடியாது. தேறாத குதிரையை யாரும் வாங்க மாட்டார்கள். மாரிக்கு எல்லா வாய்க்கும் அவளிடம் வைக்கோல் இல்லை. லொறிக்காரருக்குச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள். எந்த லொறி என்று நான் கேட்கவில்லை. இந்த நாட்டில் குதிரை இறைச்சி கடைத் தட்டில் மற்ற இறைச்சிகளோடு சேர்ந்துதான் இருக்கிறது. அவள் கொடுமைக்காரி இல்லை, சொல்லும்போது கோப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை மாதக் கடைசியில் மறுபடியும் பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை. அன்று காலையும் அம்மாவோடு இருந்து பெரிய பை மிளகாய்க்குக் காம்பு கிள்ளிவிட்டுத்தான் போயிருந்தேன். பண்ணைக்காரி வேறொரு பண்ணையில் செப்புக் கலந்த கம்பி ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தாள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று தந்தாள். இதுதான் கடைசி முயற்சி என்று இருவருக்கும் தெரியும். அதனால் வழக்கத்தைவிட அதிக நேரம் உருட்டினேன், ஊதினேன், கெஞ்சினேன். கட்டைவிரலை வாயோரத்தில் விட்டு முரசைத் தடவித் தடவித் திறக்க வைத்தேன்.

தம்பி அலறாத குறை. தலையை மேலே எறிந்து பின்னால் பாய்ந்து, பனியில் வழுக்கி முழங்காலில் விழுந்தான். எழும்பியபோது முழங்காலில் இரத்தம். நான் கம்பியும் கையுமாக நின்றேன். பண்ணைக்காரி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். தம்பி அவளைக் கவனிக்கவில்லை. முகத்தைப் பனிக்குள் புதைத்து வாய்வாயாக அள்ளித் தின்றான்.

அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பயந்த குதிரை பனி தின்னாது" என்றாள். வந்து என் கையில் இருந்த கம்பியைப் பிடுங்கித் தன் வாயில் வைத்தாள். அதுவரை அவள் சுவைத்துப் பார்த்ததெல்லாம் என் கைக்கு வருமுன்தான். இப்போது என் கையில் இருந்து போன கம்பி.

முதலில் முகம் சிவந்தது. பிறகு இருமல். பிறகு கண்ணால் தண்ணீர் ஓட, குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளி வாயில் போட்டாள். ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் அதன் சொந்தக்காரி, இரண்டு பேரும் பனி தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. இவளுக்கு என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்ர கையிலை என்ன இருக்கு?" என்று கேட்டாள், குரல் கட்டிப்போய்.

மோந்து பார்த்தேன். சவர்க்கார வாசம்தான். கட்டைவிரலை நாக்கில் வைத்தேன். லேசாக உறைத்தது. எனக்கு அது உறைப்பாகவே தெரியவில்லை, வீட்டு ருசியாகத் தெரிந்தது. அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. செத்தல் மிளகாய் கிள்ளின கை ஒரு கழுவலில் விடாது. சனிக்கிழமை கண்ணைக் கசக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அது குதிரைக்கும் பொருந்தும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. குளிருமே என்று நான் இரும்பைக் கைக்குள் வைத்து உருட்டியதெல்லாம், அந்தப் பிள்ளையின் வாய்க்கு மிளகாய் பூசியதுதான்.

அழுதுகொண்டே சொன்னேன். மிளகாய், அம்மா, காம்பு, சனிக்கிழமை என்று முன்பின்னாக. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு என் முன்னாலேயே போனை எடுத்து லொறிக்காரரை வரவேண்டாம் என்றாள். இந்தக் குதிரையை இனி நீயே பழக்கு, நான் தொடவே மாட்டேன் என்று சொன்னேன். அவள் விடவில்லை.

"எரிச்சது உன்ர கை. ஆத்துறதும் அந்தக் கையாத்தான் இருக்கவேணும். இல்லாட்டி அவன் ஒருநாளும் உன்னை நம்பான்."

வீட்டில் இதைச் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. அம்மாவின் சனிக்கிழமையை நான் எப்படிக் கெடுப்பேன். பேசாமல் ரப்பர் கையுறை வாங்கி வந்து வைத்தேன். அம்மா அதைக் கண்டுவிட்டா. ஆசுப்பத்திரியோ இது என்று கேட்டா. மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குதிரையை ஏசுவா, என்னை ஏசுவா என்று காத்திருந்தேன். அம்மா தன் கைகளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"வாய்க்குள்ளையோ விரல் வைச்சனீ?"

"ஓமம்மா."

"வாயில்லாச் சீவன். எவ்வளவு எரிஞ்சிருக்கும்."

அடுத்த சனிக்கிழமை நான் எழும்பிக் குசினிக்கு வந்தபோது காம்பெல்லாம் கிள்ளி முடிந்து, பை கட்டி, நிலமும் துடைத்திருந்தது. விடியுமுன் எழும்பித் தனியாக இருந்து செய்திருக்கிறா. "நீ ஒண்டிலும் கை வையாதை. வெளிக்கிட்டுப் போ" என்றா. வாசலுக்கும் வரவில்லை, குதிரையில் என்னத்தைக் காணப்போகிறாய் என்றும் கேட்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். தம்பிக்காக நான் எதைக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அப்பாவின் கதைகள் இனி எனக்கு இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அம்மாவுக்கும் முன்னாலேயே எழும்பிக் குசினியில் போய் இருந்தேன். அம்மா வந்து என்னைப் பார்த்தா. பேப்பரை விரித்தா. நான் கையை நீட்டப் போனேன். "கையைக் கட்டிக்கொண்டு இரு" என்றா. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் இருந்தேன். கொஞ்ச நேரம் காம்பு முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "உன்ர அப்பா ஒருக்கால் வவுனியா ஸ்டேஷனிலை கோச்சியைத் தவறவிட்டவர்" என்று தொடங்கினா.

தம்பியிடம் திரும்பவும் முதலில் இருந்து. கம்பியே இல்லாமல், மூக்கைச் சுற்றிய கயிறோடு மட்டும் பல கிழமை நடத்தினோம், ஏறிச் சவாரியும் செய்தோம். ஒவ்வொரு நாளும் வெறும் கட்டைவிரலை அவன் வாயோரத்துக்குக் கொண்டுபோய், தொடாமலேயே எடுப்பேன். பிறகு தொட்டு எடுத்தேன். பிறகு அவித்து மசித்த ஆப்பிளை விரலில் பூசித் தொட்டேன். முதல்முதலாக அவன் அதை நக்கிய அன்று பண்ணைக்காரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். இப்போது சனிக்கிழமையும் கண்ணைத் தொடலாமே.

எந்தக் கம்பி என்ற கேள்வி மறுபடி வந்தது. சுவர் முன்னால் இருவரும் நின்றோம். வளைந்தது, மெல்லியது, ரப்பர், செப்பு. கடைசியில் நான் எடுத்தது முதல் நாள் போட்ட அதே பழைய தடித்த கம்பியைத்தான். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள், சிரித்தாள். ஆடி மாதத்து ஒரு பின்னேரம், ஈயும் இலையானும் மொய்க்கிற வெயிலில், அந்தக் கம்பியை உள்ளங்கையில் வைத்து அவன் வாய்க்குக் கீழே பிடித்தேன். மோந்தான். நெடுநேரம் மோந்தான். பிறகு என் கட்டைவிரல் கிட்டப் போகுமுன்பே தானாக வாயைத் திறந்தான். மன்னிப்பு என்பதைக் குதிரைக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கோடை முடிவில் பரீட்சையில் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் தேறினான். பண்ணைக்காரி அவனை விற்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் அம்மா தானாகவே கேட்டா, அவனை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று. சேலைக்கு மேல் என் மனுசனின் மாரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலியடியில் நின்றா. தம்பி வழக்கம்போலச் சட்டைப்பையைத் தேடி மூக்கை நீட்டினான். அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டா. அவன் எட்டி எட்டித் தேடத் தேட, அம்மா அரை அடி அரை அடியாகப் பின்னுக்குப் போய்க்கொண்டே, "வேண்டாம் ராசா, கை கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தா. கடைசிவரை தொடவில்லை. ஆனால் அவன் மூக்குச் சூடு முகத்தில் பட நின்று சிரித்தா. அப்பா போன பிறகு அம்மா சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். போகும்போது பண்ணைக்காரிக்கு ஒரு ஜாம் போத்தல் நிறையத் தூள் கொடுத்தா. அவள் அதைப் பொரித்த முட்டையில் தூவித் தின்னப் பழகி, இருமாமல் தின்கிறேன் என்று பெருமையும் அடித்தாள்.

அம்மாவும் அப்பாவிடம் போய் இரண்டு மாரி கடந்துவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது கடைத் தூள்தான். பண்ணைக்காரியின் குசினித் தட்டில் அந்த ஜாம் போத்தல் இன்னும் இருக்கிறது, அடியில் கொஞ்சம் தூளோடு. அவளும் தொடுவதில்லை, நானும் கேட்பதில்லை.

தம்பி இப்போது பெரிய குதிரை. சனிக்கிழமைகளில் கடிவாளம் போடுமுன் ஒருதரம் உள்ளங்கையை மோந்து பார்க்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஒன்றும் இருக்காது, சவர்க்கார வாசம் மட்டும். அவன் தயங்காமல் வாயைத் திறக்கிறான்; அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கைகள் இவ்வளவு சுத்தமாக இருப்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.